சாலொமோன் கப்பலில் ஏறிய தோகை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து சென்றால் வந்தாறுமூலை என்னும் ஊர் எதிர்ப்படும். வழிநடந்து வந்தோர் களைப்பாறிய மூலையாதலின் அப்பெயர் பெற்றதென்று ஊரார் கூறுவர். கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று அங்கு அமைந்திருப்பதால் ஊரின் பெயர் நாடெங்கும் தெரியும். அறுவடை முடிந்த வயல்களிலே மாலைப் பொழுதில் மயில்கள் இறங்கி மேய்வது அப்பக்கத்தார்க்குப் பழகிய காட்சி. உழவனுக்கு அப்பறவைமீது அத்துணை அன்பு இல்லை. விதைத்த நெல்லை அவன் வீடு திரும்புமுன் பொறுக்கித் தின்றுவிடும் கள்ளப் பறவை அது. அயலிலுள்ள சித்தாண்டியிலோ அதே பறவை முருகப் பெருமானின் ஊர்தியாகி வணக்கம் பெறுகின்றது.

இந்த மயிலுக்கும், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் அரசு வீற்றிருந்ததாக வேதாகமம் கூறும் சாலொமோன் மன்னனுக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். ஒரு சொல்லே தொடர்பு. அச்சொல் தமிழ்ச் சொல்தானா என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் வழக்காடிவரும் விஷயம். நம்மவர் பலர் அவ்வழக்கு எப்போதோ நமக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது என்று எண்ணி மேடைகளிலே முழங்குகின்றனர். அவ்வளவு எளிதாக முடிந்த காரியம் அன்று அது.

பழைய ஏற்பாட்டில் அரசர்களின் வரலாற்றைக் கூறும் முதல் நூலின் பத்தாம் அதிகாரத்திலே, மன்னனுடைய கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்து பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு முதலியவற்றோடு வேறொன்றையும் இறக்கியதாகச் செய்தி வருகின்றது. அந்த வேறொன்றுக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'துக்கியீம்'. ஈற்றிலுள்ள 'ஈம்' என்பது நம்முடைய 'கள்' போன்ற பன்மை விகுதி. அதனை நீக்கினால் எஞ்சுவது 'துக்கி'. வேதாகமம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் இச்சொல் வருகின்றது. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லும் இடங்கள். மயில் என்று பொருள்கொள்வது நெடுங்கால வழக்கு. நம்முடைய 'தோகை'யே கடல் கடந்து 'துக்கி' ஆயிற்று என்பது வாதம்.

வாதத்தின் பலமும் பலவீனமும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர் இக்கருத்தை எடுத்துரைத்தார். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளிவந்த தமது நூலிலே ஒரு படி மேலே சென்றார். சாலொமோனின் கப்பல்கள் நாடிச் சென்ற தர்ஷீஸ் துறைமுகம் நமது காலித் துறைமுகமே என்றும், தந்தத்துக்கும் குரங்குக்கும் மயிலுக்கும் எபிரேய நூலில் வரும் பெயர்கள் இலங்கைத் தமிழர் வாயில் வழங்கும் பெயர்களே என்றும் அவர் எழுதினார். பிரித்தானிய அதிகாரி ஒருவர் இப்படிச் சொன்னதும் நம் நாட்டார் அடைந்த பெருமிதத்துக்கு அளவேது! ஆனால் காலி என்பதற்கு அவர் காட்டிய சான்றுகள் பின்வந்தோரின் ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. தர்ஷீஸ் மத்தியதரைக் கடலின் மேற்குக் கோடியில் இருந்தது என்பதே இப்போது பெரும்பாலோர் கொள்கை. 'தர்ஷீஸ் கப்பல்' என்பது நெடுந்தூரம் ஓடும் பெருங்கப்பலைக் குறிக்கும் பெயர் என்பாரும் உளர்.

தந்தமும் குரங்கும் நமக்கு உதவா. குரங்குக்கு எபிரேயம் கூறும் 'கோஃப்' வடமொழிக் 'கபி'யை ஒத்தது. எகிப்திய மொழியிலும் அதனை ஒத்த பெயர் ஒன்று உண்டு. தமிழ் நிகண்டுகளில் குரங்குக்குக் 'கவி' என்ற பெயர் காணப்படுகின்றதே எனின், அது வடமொழியிலிருந்து நாம் கடன் வாங்கியது. கடன் வாங்கிய பொருளைக் காட்டி நாமே உரிமையாளர் என்று வாதிடுதல் நீதியாகாது. அரிசிக்கும் பிற்கால எபிரேயத்தில் வரும் 'ஓரெஸ்' என்னும் சொல்லுக்கும் உறவு கூறுவதும் இத்தகையதே. அச்சொல் கிரேக்கத்திலிருந்து எபிரேயத்துக்கு வந்தது. கிரேக்கத்துக்கு எங்கிருந்து சென்றது என்பதில் ஈரானிய மொழிகளின் பக்கமே சான்று மிகுதி.

ஆனால் துக்கி அவ்வாறு தள்ளிவிடத் தக்கதன்று. மயிலுக்கு வடமொழிப் பெயர் 'மயூரம்'. அதுவே திராவிட மொழியிலிருந்து வடமொழி பெற்றது என மொழியறிஞர் பலர் கருதுவர். வட இந்தியத் துறைமுகங்களிலிருந்து அப்பறவை சென்றிருந்தால் அதன் பெயரும் மயூரத்தை ஒத்ததாக இருந்திருக்கும். துக்கி என்பதற்கு வடமொழியிலே உறவில்லை. செமித்திய மொழிகளிலும் வேர் இல்லை. தமிழில் மட்டுமே நெருங்கிய ஒலியும் பொருளும் கூடிய ஒரு சொல் கிடைக்கின்றது. தோகை என்பது மயிலின் வாலையன்றோ குறிக்கும் எனின், மயிலையே தோகை என்பது சான்றோர் செய்யுள் வழக்கு. இவையனைத்தும் வாதத்தின் பலம்.

இனிப் பலவீனம். மூலத்தில் உகரம் இருக்கின்றது, நமது சொல்லில் ஓகாரம். இது சிறு இடையூறே. பெரிய இடையூறு வேறு. அமெரிக்கத் தொல்லியலறிஞர் ஆல்பிரைற்று, இச்சொல் எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றார். அதனை ஏற்று, மயிலை நீக்கிவிட்டு மற்றொரு வகைக் குரங்கை இட்டு அச்சாகும் ஆங்கில வேதாகமங்கள் இன்று உண்டு. இதனினும் வலிய இடையூறு கிரேக்க மொழிபெயர்ப்பு. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய அப்பழைய மொழிபெயர்ப்பில், நாம் பேசும் அந்த இடத்திலே குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கற்கள் என்றே காணப்படுகின்றது. மொழிபெயர்த்தவரின் கையிலிருந்த எபிரேய ஏடு வேறுபட்டதா, அல்லது அவருக்குச் சொல் விளங்கவில்லையா? ஏடு ஒன்று, பாடம் இரண்டு. சங்க நூல்களைப் பதிப்பித்த நம் பெரியோர் அறியாத துன்பமன்று இது.

எபிரேயப் பேராசிரியர் கயிம் ராபின் எருசலேமிலிருந்து இவ்வழக்கில் சாட்சி சொன்னார். நம் யாழ்ப்பாணத்துக் கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் தொடக்கிவைத்த உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1968 இல் சென்னையிலே இரண்டாம் முறையாகக் கூடியபோது, அம்மாநாட்டுக்கென அவர் அளித்த கட்டுரை இப்பொருள் பற்றியதே. தமிழகத்துக்கும் பாலத்தீனத்துக்கும் கிறித்துவுக்கு முற்பட்ட முதல் ஆயிரத்தாண்டில் வாணிகம் நடந்ததற்கு எபிரேயத்திலுள்ள கடன்சொற்கள் சான்றாகும் என்பது அவர் முடிபு. தோகையோடு அகிலையும் அவர் கருதினார். சங்கீதங்களிலும் நீதிமொழிகளிலும் சாலொமோனின் உன்னதப்பாட்டிலும் நறும்புகைப் பொருளாக வரும் 'அஹாலீம்', 'அஹாலோத்' என்பன அகிலை ஒத்திருப்பதைக் கேட்ட மாத்திரத்தே உணரலாம். உன்னதப்பாட்டில் பெண் தானே தன் காதலை எடுத்துரைக்கும் முறை நம் அகத்திணை மரபுக்கு நெருங்கியது என்றும் அவர் பின்னர் எழுதினார். அது பாரதூரமான கூற்று. அதை நிறுவுவது கடினம். காதல் கொண்ட பெண் பேசுவதற்குத் தமிழ்நாட்டின் அனுமதி வேண்டியதில்லை அல்லவா?

மண்ணுக்குள் கிடந்த சாட்சிகள் அண்மைக் காலத்தில் பேசத் தொடங்கியுள்ளன. கி.மு. 1213 இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் இராமசேசின் பதனிட்ட உடலில், மூக்கினுள்ளே மிளகு வைக்கப்பட்டிருந்தது. மிளகு அக்காலத்தில் தென்னிந்தியாவின் மேற்கு மலைப்பக்கத்துப் பொருள். இஸ்ரேல் நாட்டில் அகழ்ந்தெடுத்த சிறு மட்குடுவைகளைச் சோதித்தபோது, கி.மு. 11, 10 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பத்துக் குடுவைகளிலே கறுவாவின் சத்து ஒட்டியிருந்ததாக 2013 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சாலொமோன் மன்னனுக்குரியதெனக் கூறும் காலமும் ஏறக்குறைய அதுவே. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் மெகித்தோ நகரில் வாழ்ந்த ஒருவரின் பல்லிற் படிந்த கறையில் மஞ்சளின் அடையாளம் இருந்ததென 2020 இல் அறிவித்தனர். மிளகும் மஞ்சளும் சென்ற வழியிலே ஒரு மயில் செல்லலாகாதா? செல்லலாம். சென்றது என்பதற்கு எலும்பு வேண்டும். துக்கியைத் தோகை என்பது உள்ள விளக்கங்களுள் மிக நல்லது. நிறுவப்பட்ட உண்மை என்று சொல்வது மட்டும் மிகை. நல்ல வழக்கறிஞன் இதற்கு மேல் ஒரு சொல் கூறமாட்டான்.

உடல் எழுதி உயிர் சேர்ப்பது

எபிரேய எழுத்தைப் பற்றித் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதற்கு இருபத்திரண்டு எழுத்துக்கள், வலமிருந்து இடமாக எழுதுவர், இருபத்திரண்டும் மெய்யெழுத்துக்களே. உயிரொலியை வாசிப்பவன் தன் அறிவால் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடலை எழுதியவன் எழுதிப் போய்விட, உயிர் கொடுப்பது படிப்பவன் பொறுப்பு. தகர, பகர, ரகரங்களை ஒத்த மூன்று எழுத்துக்களை வரிசையாக எழுதினால் 'சொல்' என்றும் வாசிக்கலாம், 'கொள்ளைநோய்' என்றும் வாசிக்கலாம். வேத நூலில் இத்தகைய ஐயம் நேர்ந்தால் என்னாவது? கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா நகரில் வாழ்ந்த மரபுக் காவலரான அறிஞர்கள், ஒரு மெய்யையும் மாற்றாமல், அதன் கீழும் மேலும் சிறு புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிரொலியைக் குறித்தனர்.

அவர்கள் புள்ளியிட்டு உயிரைச் சேர்த்தனர். நாமோ புள்ளியிட்டு உயிரை நீக்குகிறோம். 'க' என்பதன்மேல் புள்ளி வைத்தால் அகரம் போய் வெறும் மெய் நிற்கும். மெய்க்குப் புள்ளி தொல்காப்பியர் விதித்தது. ஆயினும் ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவவேறுபாடு ஓலையில் தெரியாது. 'செறு' என்று படிப்பதா, 'சேறு' என்று படிப்பதா? வயலா, வயலில் உள்ள சகதியா? இடம் நோக்கியே அறிய வேண்டும். ஏட்டுச்சுவடியைத் தடையின்றி வாசிப்பவரை ஊரார் ஏன் வித்துவான் என்று போற்றினர் என்பது இப்போது விளங்கும். திபேரியாவின் அறிஞருக்கும் கண்ணகை அம்மன் கோவிலில் வழக்குரை படிக்கும் நம் ஊர்ப் பெரியவருக்கும் இடர் ஒன்றே. இன்னும் ஒன்று: நம் எழுத்துக்குத் தாயான பிராமி எழுத்து அராமிய எழுத்திலிருந்து தோன்றியது என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர், மறுப்போரும் உளர். எபிரேயரின் இன்றைய சதுர எழுத்து அராமியத்தின் பிள்ளை என்பதில் ஐயமில்லை. முதற்கூற்று மெய்யானால் இரண்டும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

துக்கியீம் என்னும் சொல் ஓரிடத்தில் ஓர் எழுத்துக் குறைந்தும், மற்றோரிடத்தில் அவ்வெழுத்துக் கூடியும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயிரம் ஆண்டுகளாகப் படியெடுத்தவர்கள் அந்த வேற்றுமையைக்கூடத் திருத்தாமல் விட்டனர். எழுத்துக்களை எண்ணி எண்ணிக் காத்த பிடிவாதம் அது.

நெருப்பும் ஓலையும்

அப்பிடிவாதத்தின் முடிமணி என்று ஒரு சுவடியைச் சொல்லலாம். ஏறக்குறைய 930 இல் திபேரியாவில் எழுதப்பெற்றுப் பின்பு சிரியா நாட்டு அலெப்போ நகரத் தொழுகைக்கூடத்திலே பல நூற்றாண்டுகள் பூட்டிக் காக்கப்பட்ட தோல் நூல் அது. 1947 டிசம்பரில் நடந்த கலவரத்தில் தொழுகைக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 1958 இல் நூல் எருசலேம் சேர்ந்தபோது, ஏறத்தாழ 490 இதழ்களில் 295 அளவே எஞ்சியிருந்தன. அதே 1947 ஆம் ஆண்டிலேதான் சாக்கடலோரத்துக் குகையொன்றில் ஆட்டிடையர்கள் சாடிகளுக்குள்ளிருந்து தோற்சுருள்களை எடுத்தனர். அவற்றுள் ஒன்று ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் முழுவதும் அடங்கியது. ஏழு மீற்றருக்கு மேல் நீளம். அலெப்போ நூலுக்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒரு கை கொளுத்த, ஒரு கை எடுத்துக் கொடுத்தது போலும்.

கெய்ரோ நகரத்துச் செய்தி வேறு வகையானது. கடவுளின் பெயர் எழுதியிருக்கக்கூடிய எந்தத் தாளையும் அழித்தல் யூதருக்குத் தகாது. பழுதுபட்டவற்றை ஒரு அறையில் இட்டுவைப்பர். அதனைக் 'கெனிசா' என்பர். கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் இவ்வாறு குவிந்து கிடந்தவற்றுள் பெரும்பகுதியைச் சாலமன் செக்தர் என்னும் அறிஞர் 1896–97 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் உள்ளன. வேதம் மட்டுமா அதில்? கடனோலை, திருமண ஒப்பந்தம், கடைக்கணக்கு, கப்பல் மூழ்கிய செய்தி எல்லாம் உண்டு. துனீசியா நாட்டிலிருந்து வந்து 1132 முதல் 1149 வரை மங்களூரில் வாழ்ந்து, வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரின் கடிதங்களும் அக்குவியலில் அகப்பட்டன. மிளகும் இரும்பும் பாக்கும் ஏடனுக்கு ஏறின. ஏடனிலிருந்து தாளும் சீனியும் வந்தன. கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் நூல்களை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம் பக்கத்தில் கெனிசா என்பது இல்லை. பழுதான ஓலையை ஆற்றிலும் தீயிலும் இட்டவர் நாம். கறையானும் ஈரமும் எஞ்சியதைத் தின்றன. பாலைவனத்தின் வறண்ட குகை இரண்டாயிரம் ஆண்டு காத்ததை, வாவிக்கரை வீட்டுப் பரண் இருநூறு ஆண்டு காப்பதே அரிது. மட்டக்களப்பு மான்மியத்தை 1962 இல் எவ். எக்ஸ். சி. நடராசாவும், கண்ணகி வழக்குரையை 1968 இல் பண்டிதர் வி. சீ. கந்தையாவும் பதிப்பித்திராவிடில் இன்று அவற்றின் நிலை என்ன? 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இம்மாவட்டத்தில் எத்தனை வீடுகளின் கூரைகளைப் பிரித்தெறிந்தது என்பதை முதியோர் மறந்திரார். கூரைக்குக் கீழே பரண், பரணிலே ஓலைக்கட்டு.

இயற்கையின் மேல் மட்டும் பழிபோட முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி மூட்டப்பட்ட நெருப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்தது. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரின் வழிவந்தவரான பன்மொழிப் புலவர் தாவீது அடிகள், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வர். சொற்கள் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குச் சென்றன என்று ஆராய்வதிலே வாழ்நாளைச் செலவிட்ட அம்மனிதரின் பெயரே எபிரேயப் பெயர். சாலொமோன் மன்னனின் தந்தைக்கும் அதுதான் பெயர்.

செப்பேட்டில் நான்கு கையொப்பம்

துக்கியின் வழக்கு ஐயத்துக்கு இடமானது என்றோம். எபிரேய எழுத்தும் தமிழும் நேருக்கு நேர் சந்தித்ததற்கு ஐயமற்ற சான்று வேண்டுமாயின் கொல்லத்துக்குச் செல்ல வேண்டும். கி.பி. 849 அளவில் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோவிலுக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு பொறித்தார். ஏட்டின் மொழி அக்கால மேற்குக்கரைத் தமிழ். எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் அதிலே காவலராகக் குறிக்கப்படுகின்றன.

ஏட்டின் இறுதிக்கு வந்தால் எழுத்து மாறுகின்றது. சாட்சிகள் தத்தம் எழுத்திலே ஒப்பமிட்டிருக்கின்றனர். பதினொருவர் அரபு எழுத்தில், பதின்மர் பாரசீகரின் பகலவி எழுத்தில், நால்வர் எபிரேய எழுத்தில். அந்நால்வரும் யூதர்கள், பேசிய மொழி பாரசீகம். கிறித்தவக் கோவிலுக்கு இந்து மன்னர் அளித்த தானத்துக்கு முஸ்லிம்களும் யூதரும் சரதுஷ்டிர சமயத்தாரும் சாட்சி. சமய ஒற்றுமை பற்றிப் பேசுவோர்க்கு இது நல்ல உதாரணமே. எனினும் அவர்கள் அன்பின் மிகுதியால் மட்டும் கையெழுத்திட்டார்கள் என்று யாம் நினைக்கவில்லை. துறைமுகத்தில் சுங்கமும் நிறைகோலும் யார் கையில் என்பது அவ்வேட்டிலே தீர்க்கப்படுகின்றது. வணிகர் அங்கே இல்லாமல் இருப்பரா?

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், கி.பி. 1000 அளவில், சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு யூதர் தலைவரான யோசேப்பு ரப்பான் என்பவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை அளித்தான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, வரிவிலக்கு முதலியன அவை. செப்பேட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. யோசேப்பை இசுப்பு ஆக்கிய நாவுக்குத் தோகையைத் துக்கி ஆக்கிய நாவைக் குறை கூற உரிமையில்லை! அச்செப்பேடுகள் கொச்சியில் 1568 இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடத்தாரின் உடைமை. அதற்கு வடக்கே சேந்தமங்கலத்தில் இசுரவேலின் மகள் சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக்கல் எபிரேய எழுத்தோடு நிற்கின்றது, ஆண்டு 1269. அவ்வூர்களின் யூதர் பெரும்பாலோர் 1950 களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

நம் தீவில் யூதர் இருந்ததுண்டா? கி.பி. 10 ஆம் நூற்றாண்டின் அரபு எழுத்தாளர் அபூ செய்து, சரந்தீவில் யூதர் பலர் உளர் என்றும், அரசன் ஒவ்வொரு சமயத்தாரையும் தத்தம் வழியில் ஒழுக விட்டான் என்றும் எழுதிச் சென்றார். 1154 இல் தம் நூலை முடித்த இத்ரீசி, இலங்கை வேந்தனுக்குப் பதினாறு அமைச்சர். அவருள் நால்வர் உள்நாட்டார், நால்வர் கிறித்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றார். இத்ரீசி இலங்கைக்கு வந்தவரல்லர். சிசிலித் தீவில் இருந்து கேள்வியால் எழுதியவர். பதினாறை நான்காகப் பங்கிட்ட ஒழுங்கே சற்றுச் சந்தேகம் தருகின்றது. கொல்லத்துச் செப்பேடு போல ஒரு துண்டு உலோகம் நம் கரையில் கிடைத்தால் அந்நாளில் பேசுவோம்.

தமிழுக்கு வந்த எபிரேயம்

இதுவரை தமிழ் எபிரேயத்துக்குச் சென்ற கதை. திரும்பி வந்த கதையில் நமக்கு ஐயம் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, ரூத்தின் கதை வரை வந்து, 1719 இல் இறந்தார். அவருக்குப் பின் சென்னையில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர் எபிரேய மூலத்தோடு இருபது ஆண்டுக்கு மேல் போராடினார். கொழும்பில் 1723 இல் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். அவருடைய புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று தமிழ்நடையைச் செப்பஞ்செய்தவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாயிற்று. சைவத்தின் பெருங்காவலர் வேதாகமத்தின் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்துப் பார்த்தார் என்பது இன்றும் வியப்புத் தருவது.

மொழிபெயர்ப்போரின் இடர்ப்பாட்டுக்கு ஒரு சான்று போதும். பிரசங்கியின் நூலில் மீண்டும் மீண்டும் வரும் 'ஹெவெல்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ஆவி, மூச்சுக்காற்று. குளிர்காலத்துக் காலையில் வாயிலிருந்து வெளிப்பட்டு உடனே மறையும் புகை போன்றது. ஆதாமின் இளைய மகன் ஆபேலின் பெயரும் இச்சொல்லே. அவன் வாழ்வும் அப்படித்தானே முடிந்தது. நம் கிறித்தவர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமத்தில் இதற்கு இட்ட சொல் 'மாயை'. அச்சொல்லோடு வேதாந்தமும் சைவசித்தாந்தமும் சேர்ந்தே உள்ளே நுழைந்துவிட்டன. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதை விடுத்து 'வீண்' என்று வைத்தது. மூலத்துக்கு வீண் நெருங்கியது என்பர். தமிழன் காதுக்கு மாயை இனியது. மூச்சுக்காற்றோ இரண்டிலும் இல்லை. சில சொற்களை அவர்கள் தொடவே இல்லை: ஆமென், அல்லேலூயா, சேலா. தாண்டவன்வெளித் தேவாலயத்தில் ஆமென் என்றும், அடுத்த ஊர்ப் பள்ளிவாசலில் ஆமீன் என்றும் ஒலிப்பது ஒரே செமித்தியச் சொல்.

இனி நம் மயிலுக்கு வருவோம். சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களைத் தமிழில் எழுத அமர்ந்தவர்கள் 'துக்கியீம்' என்னும் இடத்துக்கு வந்தபோது, ஐரோப்பிய மொழிகளில் இருந்த பொருளை நோக்கினர். அப்பறவைக்கு நாம் நாள்தோறும் வழங்கும் பெயரை நினைந்தனர். 'மயில்கள்' என்று எழுதினர். தோகை என்று எழுதத் தோன்றவில்லை. எருசலேமில் இன்றைய சிறுவனிடம் துக்கி எங்கே என்று கேட்டால் கூட்டிலிருக்கும் கிளியைக் காட்டுவான். தற்கால எபிரேயம் அச்சொல்லைக் கிளிக்குக் கொடுத்துவிட்டது. மயிலுக்கு அவன் கூறும் பெயர் 'தவாஸ்'. அது கிரேக்கர் மயிலை அழைத்த 'தஓஸ்' என்பதோடும், அரபு மொழியின் 'தாவூஸ்' என்பதோடும் உறவுடையது. அந்தக் கிரேக்கச் சொல்லும் தோகையிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர்.